ஊருக்கெல்லாம் ஒரே விசைப்பலகையா?

பேரிகைக் கடைத்தெருவில், விதையும் உரமும் விற்கும் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பட்டா மாறுதலுக்கான மனு தமிழிலும், கர்நாடக எல்லைக்கு அப்பால் மாலூர்ப் பக்கத்தில் சம்பந்தம் செய்துகொண்டவர்களின் கலியாணப் பத்திரிகை கன்னடத்திலும், ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கிருகப்பிரவேச அழைப்பு தெலுங்கிலும், பள்ளிவாசலில் ஒட்ட வேண்டிய அறிவிப்பு உருதுவிலுமாக, நான்கு பாஷைகளும் ஒரே நாளில் ஒரே கம்ப்யூட்டரின் வழியாகப் புறப்பட்டுப் போவதை அங்கே நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடையை நடத்தும் அம்மையார் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். கன்னடத்தை நிதானமாக அடிப்பார். தெலுங்கை எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்து அடிப்பார். உருதுவுக்கு மட்டும் பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு பையன் வந்து உட்கார்ந்துகொள்வான். எல்லைப்புறத்து ஊர்களுக்கு இது புதிய காட்சி அன்று. மாலூர் வட்டத்து மாஸ்தி என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதி, 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்றவர். இந்தப் பிரதேசத்தில் பாஷைகள் ஒன்றையொன்று விலக்கி வாழ்ந்ததே இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கடையின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மிகப் பழைய பெட்டி அது. 32 பிட் கணக்கில் வேலை செய்யும் பிராசஸர், 1 ஜி.பி. நினைவகம். புதிய விண்டோஸைப் போட்டால் பெட்டி தாங்காது. புதிய பெட்டியை வாங்கினால் கடை தாங்காது. ஆகவே, விலையின்றிக் கிடைப்பதும், பழைய இயந்திரங்களையும் மதித்து நடத்துவதுமாகிய டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அதில் பதித்துக் கொடுத்தேன். திரையைப் பார்த்தவுடன் அம்மையார் நிறத்தைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ கேட்கவில்லை. “அண்ணா, நம்ம பழைய டைப்ரைட்டிங் கீபோர்டு இதுல வருமா?” என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, இருபது வருஷமாக அதனாலேயே ஜீவனம் நடத்தும் விரல்கள் கேட்ட கேள்வி அது. வரும் என்று சொன்னேன்; வந்தது. ஆனால் அது எப்படி வந்தது, யார் செய்து வைத்ததனால் வந்தது, அவர்கள் ஏன் செய்ய வேண்டும், செய்யாமல் விட்டிருந்தால் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டா என்ற விசாரம் அன்றுமுதல் என்னை விட்டு அகலவில்லை.

மென்பொருள் என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுதி. அந்தக் கட்டளைகளை எழுதிய வடிவிலேயே யாவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம் என்று அனுமதியோடு வெளியிட்டால் அதைத் திறந்த மூல மென்பொருள் என்றும், அந்த அனுமதியை ஒரு தர்மமாகவே கருதுவோர் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறார்கள். உலகத்தின் பெரும்பாலான இணையச் சேவைகள் இத்தகைய மென்பொருள்களின்மேல்தான் நிற்கின்றன. இவற்றில் சிலவற்றுக்குப் பெரிய கம்பெனிகளின் பணம் உண்டு. மிகப் பலவற்றை, பகலெல்லாம் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து எழுதும் தன்னார்வலர்களே தாங்குகிறார்கள்.

லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஓசூருக்கு இத்தனை அருகில் வாழும் நமக்கு, ஒரு பொருளை யாருக்காகச் செய்வது என்ற கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். சிப்காட்டில் உள்ள ஒரு சிறு பட்டறை, எந்த அளவில் போல்ட் வேண்டுமென்று ஆர்டர் வருகிறதோ அந்த அளவில் செய்து கொடுக்கிறது; ஆர்டர் இல்லாத அளவை எவரும் கடைவதில்லை; கேட்பவன் விலை கொடுக்கிறான் என்ற ஒன்றே எல்லா விவாதத்தையும் முடித்துவிடுகிறது. தன்னார்வ மென்பொருளிலோ கேட்பவன் விலை கொடுப்பதில்லை. செய்பவன் கூலி வாங்குவதில்லை. கேட்பதற்குச் செலவே இல்லாத இடத்தில் கேட்போர் தொகை பெருகிக்கொண்டே போகும். செய்வோரின் இரவு நேரமோ பெருகாது. ஒருவர் தம் பழைய இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்கிறார். ஒருவர் தம் மொழியிலும் வேண்டும் என்கிறார். கண் தெரியாத ஒருவர் திரையைப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறார். இன்னொருவர் முப்பது வருஷத்துப் பழக்கத்தை மாற்றாதே என்கிறார். ஒவ்வொன்றும் நியாயமான வேண்டுகோளே. அத்தனையையும் சேர்த்து ஒருவர் தோளில் ஏற்றினால் அதுவே அநியாயமாகி விடுகிறது.

தமிழுக்கு இந்தச் சங்கடம் விசைப்பலகையிலேயே தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே தமிழ்த் தட்டச்சு இயந்திரம் நம் நாட்டில் வேரூன்றியிருந்தது. அந்த இயந்திரத்தில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் அடிக்க வேண்டும்: ‘கொ’ என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். பின்னர், சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 என்னும் அமைப்பு உருவாகி, தமிழ்நாட்டு அரசின் அங்கீகாரத்தையும் பெற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்களில் மிகப் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். விரல்கள் ஓய்ந்திருக்கும் நடுவரிசையில் ஒரு புறம் அ, இ, உ, மறுபுறம் க, ப, ம, த, ந. ‘கொ’ என்பதற்குக் க, ஒ என்று இரண்டு தட்டுதான். ‘அம்மா’ என்று எழுத ம-வை இருமுறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானே விழும். தமிழின் இலக்கண அறிவை விரல் நுனிக்குக் கொண்டுவந்த ஏற்பாடு என்றே அதைச் சொல்வேன். ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர் ஆங்கில எழுத்தின் ஓசையைக் கொண்டு தமிழை அடித்துப் பழகியிருந்தார்கள்; ஈழத்தமிழரிடத்தும், அவர்கள் குடிபெயர்ந்த தேசங்களிலும் பாமினி என்னும் முறை நிலைபெற்றிருந்தது; நம் ஊர் அம்மையாரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் தட்டச்சுப் பள்ளியில் கற்ற வழியை விடவில்லை. ஓர் எழுத்து, அதற்குப் போக விரலுக்கு நான்கு பாதை.

இதில் எது சிறந்தது என்று கேட்டால் தமிழ் 99 என்றுதான் நான் சொல்வேன். சிறந்தது என்பதனால் மற்றவர்களையெல்லாம் அதற்கு மாற்றிவிட வேண்டுமா என்று கேட்டால், கூடாது என்பேன். இந்த இடத்தில் எ-கலப்பை செய்த காரியத்தை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த முகுந்தராஜ் என்பவரும் ‘தமிழா’ என்னும் தன்னார்வக் குழுவும் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளியிட்ட அந்தச் சிறு மென்பொருள், விண்டோஸில் தமிழ் அடிப்பதற்கு ஒரு தலைமுறைக்கே துணையாக இருந்தது. அது ஒரே ஒரு வேலையைத்தான் செய்தது: அழுத்திய விசையைத் தமிழ் எழுத்தாக மாற்றுவது. எழுத்துத் திருத்தியும் அகராதியும் கடித மாதிரிகளும் அதற்குள் திணிக்கப்படவில்லை. அந்த ஒரு வேலையிலோ, ஒலியியல், தமிழ் 99, தட்டச்சு, பாமினி, இன்ஸ்கிரிப்ட் என்று வந்தவர் எவரையும் திருப்பி அனுப்பவில்லை. காரியத்தைச் சிறிதாக வைத்துக்கொண்டு ஆட்களுக்கு இடத்தைப் பெரிதாக வைத்த அந்த அமைப்பு முறையில்தான், நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கடையில் நான் பதித்த லினக்ஸில் தமிழ் எப்படி வந்தது என்பதும் இதே கதைதான். ஜப்பான் நாட்டு அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமாகிய ஏஐஎஸ்டியில் உருவான எம்17என் என்னும் நூலகம் ஒன்று உண்டு. பல மொழிகளைக் கையாளுதல் என்ற பொருளுள்ள நீண்ட ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 17 எழுத்துகள் இருப்பதனால் வைத்த சுருக்கப் பெயர் அது. ஜப்பானியர் தமிழ்த் தட்டச்சுப் பள்ளியில் பயின்றவர் அல்லர். கன்னடத்தாருக்கு எந்த விசை எங்கே வேண்டுமென்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகையால் அவர்கள் இயந்திரத்தை மட்டும் ஓரிடத்தில் செய்து வைத்து, ஒவ்வொரு விசைப்பலகைக்கும் ஒரு தனிக் கோப்பு என்று பிரித்துவிட்டார்கள். அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. இந்த விசைக்கு இந்த எழுத்து என்று வரிவரியாக இருக்கும். நிரல் எழுதத் தெரியாதவரும் பொறுமை இருந்தால் படித்துக்கொள்ளலாம். தமிழ் 99க்கு ஒன்று, தமிழ்த் தட்டச்சுக்கு ஒன்று, கன்னட கணக பரிஷத்தின் அமைப்புக்கு ஒன்று, தெலுங்குக்குச் சில, உருது ஒலியியலுக்கு ஒன்று. பேரிகையின் நான்கு பாஷைகளும் அந்தத் தொகுதியில் அடுத்தடுத்த கோப்புகளாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அன்று, கடல் கடந்த எவரோ இந்தக் கடைத்தெருவை நினைத்தே செய்தார்களோ என்று மனம் நெகிழ்ந்தது. நினைத்துச் செய்யவில்லை, நினைக்காமலேயே இடம் விட்டு வைத்தார்கள், அதுதான் அதில் உயர்ந்த அம்சம்.

எல்லாம் இவ்வளவு சுலபமாகப் பிரிந்துவிடுமானால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. எழுத்தையும் விசையையும் கோப்பாகப் பிரிக்கலாம். இயந்திரத்தை அப்படிப் பிரிக்க முடியாது. டெபியனின் சரித்திரத்தை இதற்காகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த இயன் மர்டாக் 1993 ஆகஸ்டு 16ஆம் நாள் தொடங்கி வைத்தது டெபியன். தன்னை ‘சர்வ வியாபகமான இயக்குதளம்’ என்ற பொருள்படும் வாசகத்தால் அழைத்துக்கொள்வது அதன் வழக்கம். 1997இல் அந்தக் குழுவினர் தமக்குத்தாமே ஒரு சமூக ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டார்கள். எந்த மனிதரையும் எந்தக் கூட்டத்தாரையும், எந்தத் துறைப் பயன்பாட்டையும் விலக்கும் உரிமம் உள்ள மென்பொருளைத் தம் தொகுப்பின் அங்கமாகச் சேர்ப்பதில்லை என்பது அதனோடு சேர்ந்த விதிகளில் ஒன்று. ஆயிரம் பேர் அளவில் உள்ள தன்னார்வலர்கள் 2023 ஜூனில் வெளியிட்ட பதிப்பில் 64,000க்கு மேற்பட்ட தொகுப்புகள் இருந்தன. பதிப்பதற்கான முகப்புத் திரை 70க்கு மேற்பட்ட மொழிகளில் பேசிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களுடைய வருடாந்தர மாநாடு நம் அண்டையிலே, கொச்சியில் நடந்தது.

இந்தச் சர்வ வியாபகத்துக்கு அவர்கள் கொடுத்த விலையை 2005இல் உலகம் பார்த்தது. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது 2005 ஜூன் மாதத்தில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று வருஷம்! அந்தப் பதிப்பு பதினொரு விதமான பிராசஸர் குடும்பங்களில் ஓட வேண்டியிருந்தது தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பழைய மக்கிண்டாஷ், அமிகா, அட்டாரி இயந்திரங்களில் இருந்த மோட்டரோலா 68000 குடும்பமும் அவற்றில் சேரும். பத்து இயந்திரங்களில் ஒழுங்காக ஓடுவது பதினோராவதில் நின்றுபோனால், அந்தப் பதினோராவதன் நுட்பம் தெரிந்தவர் கிடைக்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய பொறுப்பாளர்கள், அடுத்த பதிப்பு முதல் நான்கு வகை இயந்திரங்களுக்கு மட்டும் முழுப் பொறுப்பேற்பது என்ற யோசனையை முன்வைத்தபோது, குழுவுக்குள் எழுந்த எதிர்ப்பு சாமானியமானதல்ல. சர்வ வியாபகம் என்று பெயர் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதா என்று கேட்டவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். தங்கள் ஓய்வு நேரத்தையெல்லாம் அந்தப் பழைய இயந்திரங்களுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

யோசனை சொன்னபடியே நிறைவேறவில்லை. அதைவிட நல்லது ஒன்று நடந்தது. ஓர் இயந்திர வகைக்குப் பொறுப்பேற்க வேண்டுமானால், அதற்கென்று உழைக்க இத்தனை ஆட்கள் முன்வர வேண்டும், தொகுப்புகளைத் தயாரிக்கும் கணினிகள் இத்தனை வேகத்தில் இயங்க வேண்டும், பயன்படுத்துவோர் மெய்யாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் எழுத்தில் வந்தன. 2007 ஏப்ரலில் வந்த பதிப்பில் 68000 குடும்பம் இடம்பெறவில்லை. ஆனால் டெபியன் போர்ட்ஸ் என்ற தனி இடத்தில், விரும்பியவர்கள் அதைத் தாங்களே தொடர்ந்து நடத்த வழி விடப்பட்டது. இருபது வருஷமாகப் போகிறது, அந்தப் பழைய இயந்திரத்துக்காக இன்னும் சிலர் அங்கே உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள், வாசலை மூடவில்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பக்கத்து ஏரிகளை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏரியின் மதகிலிருந்து எவன் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதோ அவன் குடிமராமத்துக்கு ஆள் அனுப்பியாக வேண்டும். வண்டல் வாரவும் கரையை உயர்த்தவும் அவன் வீட்டு மண்வெட்டி வந்தாக வேண்டும். தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீருகண்டி அந்தக் கணக்கைத்தான் மனத்தில் வைத்திருப்பான். அதே ஏரியில் மேய்ச்சல் மாடு இறங்கிக் குடிக்கிறது. வழிப்போக்கன் கை கால் கழுவுகிறான். அவர்களிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. மேட்டு நிலத்துக்கு ஏரித் தண்ணீர் ஏறாதது ஏரியின் வஞ்சனையும் அன்று. மேட்டு நிலத்துக்காரன் தன் செலவில் கவலை போட்டு இறைத்துக்கொள்ள வந்தால் அவனைத் தடுப்பதுதான் வஞ்சனை. திறந்த மூல மென்பொருளில் எல்லோருக்கும் உரியது என்று சொல்லப்படுவது குடிக்கவும் இறைக்கவும் உள்ள அந்த உரிமை. கரை கட்டும் உழைப்பு, ஆள் வந்த அளவுக்கு உட்பட்டது. இவை இரண்டையும் ஒன்றென எண்ணுவதனாலேயே பல நல்ல முயற்சிகள் ஒன்றிரண்டு பேரின் ஆரோக்கியத்தைத் தின்றுவிட்டு நின்றுபோகின்றன.

நின்றுபோவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. இணையத்தில் ரகசியத் தொடர்புகளைக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 2014 ஏப்ரல் 7ஆம் நாள் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை, உலகத்தின் எத்தனையோ சர்வர்களின் நினைவகத்தை அந்நியர் எட்டிப் பார்க்கும்படி செய்துவிட்டது. அத்தனை பேர் நம்பியிருந்த மென்பொருளுக்கு முழுநேரமாக உழைத்தவர் அப்போது ஒருவரே. பிழை ஒரு சிறு சரிபார்ப்பு விடுபட்டதனால் வந்தது. ஆனால் சில இயந்திரங்களில் நினைவகம் ஒதுக்குவது மெதுவாக இருந்தது என்பதற்காக அந்த மென்பொருள் தானே செய்துகொண்ட ஏற்பாடு, இயக்குதளத்தின் பாதுகாப்பு இத்தகைய பிழைகளைக் காட்டிக்கொடுக்காதபடி மறைத்தது என்று ஓபன்பிஎஸ்டி என்னும் இயக்குதளத்தின் குழுவினர் குற்றம் சாட்டினர். அவர்கள் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு, லிப்ரேஎஸ்எஸ்எல் என்று வேறு பெயரிட்டு, முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் நீக்கினார்கள். அநேகமாக எவரும் பயன்படுத்தாத பழைய விண்டோஸுக்கும் பழைய டாஸுக்கும் விஎம்எஸ்ஸுக்கும் என்று பத்திரப்படுத்தியிருந்த வரிகள் அவற்றில் ஏராளம். யாரையும் கைவிடக் கூடாது என்ற நல்லெண்ணம், இருக்கும் எல்லோரையும் ஆபத்தில் நிறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

இவ்வளவு சொன்னபின், பெரும்பான்மையோரை மட்டும் பார், மற்றவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. தலை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்தால், முதலில் கழிக்கப்படுபவர் கண் தெரியாதவர். அடுத்தவர் ஆங்கிலம் தெரியாதவர். அவர்கள் குறைவாக இருப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணமே, அந்த மென்பொருளை அவர்களால் தொட முடியாமல் இருப்பதுதான். ‘வழி இல்லை’ என்று எழுதி அனுப்பவும் அவர்களுக்கு வழி இல்லை. லினக்ஸின் கிராபிக்ஸ் திரையைக் கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் ஓர்கா என்னும் மென்பொருளுக்குச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் சம்பள ஆட்களை வைத்திருந்தது. 2010இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கியபின் அந்த ஆட்கள் குறைக்கப்பட்டு, வேலை பெரும்பாலும் ஒரு சிலர் தலையில் விழுந்தது. கொடுப்பவர் கையை இழுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்று போதும்.

மறுபக்கத்தில் என்விடிஏவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இருவர், இருவரும் கண்பார்வை இல்லாதவர்கள், விண்டோஸ் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் சாதாரணக் குடும்பங்கள் வாங்க முடியாத விலையில் விற்பதைக் கண்டு, 2006இல் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். அந்த மென்பொருளின் நோக்கம் மிகக் குறுகியது: கண் தெரியாதவர், விண்டோஸ், திரை வாசிப்பு, இம்மூன்றுக்கும் வெளியே அது போவதில்லை. அதன் பரப்போ, 50க்கு மேற்பட்ட மொழிகள். தமிழ் அவற்றில் ஒன்று. மொழிகளைச் சேர்த்தவர்கள் அந்தந்த மொழியார். தமிழை உச்சரிக்கும் ஈஸ்பீக் என்ற குரல் வேறொரு கட்டற்ற முயற்சியிலிருந்து வந்தது. வேறு கதி இல்லாதவர்களை முதலில் வைத்துத் தொடங்கிய காரியம் இவ்வளவு தூரம் பரவியிருப்பதை நினைக்கும்போது, யாருக்கு முதலில் இடம் என்ற கேள்விக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இதை விட்டால் வேறு எங்கே போவார் என்று ஒவ்வொரு வேண்டுகோளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். புதிய நிறம் வேண்டுமென்பவருக்கு நூறு இடம் உண்டு. தமிழ் பேசும் குரல் வேண்டும் என்பவருக்கு மிகச் சிலவே உண்டு.

எல்லாவற்றையும் ஒரு குழுவே செய்ய வேண்டியதில்லை என்பதற்கு நம் வீடுகளிலேயே சாட்சி இருந்தது. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவருக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் ‘பாஸ்’ என்று ஒரு லினக்ஸும் இருந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் செய்த அது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. இந்தியப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று டெபியன் குழுவினர் ஆராய்ச்சி செய்யவில்லை. செய்ய ஆளும் இல்லை. எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த உரிமம் சூளகிரி, பேரிகைப் பிள்ளைகளின் மடிவரைக்கும் வந்து சேர்ந்தது. வந்ததைப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி கிடைக்காமற்போனது வேறு வருத்தம்; அது மென்பொருள் எழுதியவர்களின் கணக்கில் சேராது. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ இதழைப் போன்ற தமிழ் முயற்சிகள் இன்னும் பத்து வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போதும் ஓர் ஏக்கம் உண்டு.

கடையின் பழைய பெட்டிக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டு 9ஆம் நாள் டெபியனின் பதின்மூன்றாம் பதிப்பு வெளியானபோது, 32 பிட் இன்டெல் இயந்திரங்களுக்குப் பதிக்கும் வசதியும், இயக்குதளத்தின் மையப் பகுதியாகிய கர்னலும் அதில் இல்லை. செய்தியைப் படித்தபோது, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு நம் வீட்டுக்கு மட்டும் பத்திரிகை வராததுபோல் இருந்தது. கோபம் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த வகை இயந்திரத்துக்காக உட்கார்ந்து உழைப்போர் குறைந்துவிட்டார்கள் என்பதையும், இந்தப் பதிப்பில் இதற்குப் பொறுப்பில்லை என்பதையும் அவர்கள் முன்கூட்டியே, மறைக்காமல் எழுதியிருந்தார்கள். முந்தைய பதிப்பு ஒரே நாளில் நின்றுவிடப் போவதும் இல்லை. நான் அந்த உழைப்பில் ஒரு மணி நேரமாவது கொடுத்தேனா என்று யோசித்தால், கொடுக்கவில்லை. லினக்ஸ் பிறந்த 1991இல் அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸின் மேஜைமேல் இருந்தது 386 என்னும் சிப். அந்தச் சிப்புக்கான வரிகளையே 2012 டிசம்பரில் கர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறந்த வீட்டையே விட்டுப் புறப்பட வேண்டியிருந்தது என்றால், நம் பெட்டி எம்மாத்திரம்? அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, “ஓடுற வரைக்கும் ஓடட்டும்ணா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். பக்கத்துத் தெருவில் ஒருவர் விற்க நினைக்கும் 64 பிட் பெட்டியை இருவரும் விசாரித்து வைத்திருக்கிறோம்.

அவருக்கு அதைவிட முக்கியமான குறை வேறு இருந்தது. அவர் தட்டச்சுப் பள்ளியில் பழகிய இயந்திரத்தில் ‘ஸ்ரீ’ இருந்த இடமும், இன்னும் இரண்டு குறிகள் இருந்த இடமும், கோப்பில் உள்ள இடத்திலிருந்து மாறுபட்டிருந்தன. இயந்திரத்துக்கு இயந்திரம் இப்படிச் சிறு வேற்றுமைகள் பழைய காலத்திலும் உண்டு. கலியாணப் பத்திரிகை அடிப்பவருக்கு ஸ்ரீ என்பது நாளைக்கு ஐம்பது முறை தேவைப்படும் எழுத்து. ஒரு பில்லின் பின்புறத்தில், விசைப்பலகையின் வரிசைகளைக் கோடு போட்டு வரைந்து, மூன்று கட்டங்களை மட்டும் பேனாவால் அழுத்திக் காட்டி என்னிடம் கொடுத்தார். அன்று மாலையே அந்த எழுத்துக் கோப்பின் பிரதி ஒன்றைத் திறந்து, முதல் இரண்டு கட்டங்களுக்குரிய வரிகளை மாற்றி அவர் கணினியில் வைத்துவிட்டேன். ஸ்ரீ அவருடைய விரலுக்கு வந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தில் அவர் எழுதியிருப்பது மேற்கோள் குறியா, காற்புள்ளியா என்று பேனா மை பரவியதனால் எனக்கு விளங்கவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்காது. திங்கட்கிழமை காலையில் போய்க் கேட்க வேண்டும்.